நம்பர் இல்லாத கண்ணாடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்காகத் தோன்றியது அல்ல. சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரி, அளவு சொல்லி, துணியும் கொடுத்து, ஒருவர் என்னிடம் எழுதச் சொன்னது. அவர் பெயர் ஷரீஃப். கச்சேரி ரோட்டில் நாற்பத்தோரு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மயிலாப்பூரில் இருக்கும் மூக்குகளில் பாதி அவர் கையால் அளக்கப்பட்டவை (கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள்).

அந்த அடைப்புக்குறிக்கு விளக்கம் சொல்ல வேண்டும். நான் சுந்தரராமன். வானிலை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் மழை அளந்தவன். காலை எட்டரைக்கு மழைமானியில் எவ்வளவு தேங்கியிருக்கிறதோ அதை மில்லிமீட்டரில் எழுத வேண்டும். வேளச்சேரியே மிதந்தாலும் ஒரு சொட்டைக் கூட்டி எழுத எனக்கு உரிமை கிடையாது. ஓய்வு பெற்ற மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில் ஒரு மாடு குறுக்கே நின்றது. வீட்டுக்கு வந்து என் மனைவி ஜானுவிடம் ஏழு மாடு என்றேன். அடடா, என்ன சுகம்! அன்றிலிருந்து நிறுத்தவில்லை. "இவர் சொல்றதுல பாதியைக் கழிச்சுடுங்கோ, மீதியை நாளைக்கு நம்பினாப் போறும்" என்று ஆத்துக்கு வருகிறவர்களிடம் காபி டம்ளரோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புவாள் ஜானு. எனவே கதை எழுதும்போது நான் ஒரு நேர்மையைக் கடைப்பிடிக்கிறேன். வாக்கியத்தில் அளந்துவிடுவேன். உண்மைக் கணக்கை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் கதை பத்திரிகையில் வந்தால் ஷரீஃப் பாய்க்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது அவர் மனைவி ஜஹனாரா. பாயின் பார்வை போய்விட்டது. ஜஹனாராம்மா அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் வாய்விட்டு வாசிக்க மாட்டார். "அது எழுதுறவரு தனக்குத்தானே முணுமுணுத்துக்கிறது. அதைப் போய் சத்தமாப் படிப்பாங்களா?" என்பார். ஆக, பாயின் காதில் எப்போதும் ஏழு மாடு. ஜஹனாராம்மாவின் கண்ணில் ஒரு மாடு.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

2

இந்தக் கதைக்குப் பதினேழு தொடக்கம் எழுதினேன் (மூன்று).

முதல் தொடக்கம்: "ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தவரின் கண்ணிலேயே விதி தன் கைவரிசையை—"

வேண்டாம். விதி எந்தக் கைவரிசையும் காட்டவில்லை. எழுபது வயதாயிற்று, விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தது. அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: "2021 மே மாதம் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி வாசலில் ஜஹனாராவின் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை—"

இதை எழுத உட்கார்ந்தபோது பேனா ஓடவில்லை. (கணினிதான். ஓடத்தான் ஓடியது. நான்தான் எழுந்து போய்விட்டேன்.)

மூன்றாவது, நம்பர் இல்லாத கண்ணாடியிலிருந்து தொடங்குவது. அது பரவாயில்லை போலிருக்கிறது.

3

ஷரீஃபின் கடையில் நீளமான மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் வரிசை வரிசையாக வட்ட லென்ஸுகள். வந்தவர் மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டி, ஒரு லென்ஸைப் போடுவார், எடுப்பார், இன்னொன்றைப் போடுவார். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதுல தெளிவா கீதா, அதுலயா?"

சில சமயம் குறும்பாக, எடுத்த லென்ஸையே துடைத்துத் திரும்பப் போடுவார். பத்துக்கு ஒன்பது பேர் "ரெண்டாவதுதான் பாய், பளிச்சுனு கீது" என்பார்கள் (ஆறு பேர்). ஷரீஃப் அவர்களைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. அவருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடி மாறவில்லை, கண் மாறவில்லை, எழுத்து மட்டும் தெளிந்துவிடுகிறதே, எப்படி? கடையைச் சாத்திக்கொண்டு போகும்போதுகூட அதையே யோசிப்பார்.

தலைவலி என்று வருகிறவர்களும் உண்டு. சோதித்தால் ஒரு குறையும் இருக்காது. "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னால் முகம் வாடிப்போகும், வலி இரட்டிப்பாகும். அவர்களுக்கு ஷரீஃப் ஒரு நல்ல பிரேமில் வெறும் கண்ணாடியைப் போட்டுக் கொடுப்பார். "இது பவர் கண்ணாடிதானே பாய்?" என்று கேட்டால் "ஆமா" என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லில்தான் வைத்தியம். ஒரு வாரத்தில் இனிப்போடு வருவார்கள்.

வீணை டீச்சர் காமாக்ஷியிடம் மட்டும் மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். ஆறு மாதமாகத் தலைவலியே இல்லை என்று அவர் வாழ்த்தியபோது, "டீச்சரம்மா, மன்னிச்சுக்கோங்க, அது வெறும் கண்ணாடி. நம்பரே கிடையாது" என்றார்.

காமாக்ஷி கண்ணாடியைக் கழற்றி, திருப்பிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அதனால என்ன? இதைப் போட்டுண்டா வலி இல்லை. எதுக்கும் இன்னொரு ஜோடி பண்ணி வெச்சுடுங்கோ, இது ஒடைஞ்சுதுன்னா?"

தெரிந்த பிறகும் வேலை செய்கிறது! ஷரீஃப் இந்தக் கதையை என்னிடம் நூறு முறை சொல்லியிருக்கிறார் (நூறு முறைதான், கழிவு வேண்டாம்).

4

அந்தக் கவர்.

ஷரீஃபுக்கும் ஜஹனாராவுக்கும் ஒரே மகள், சாய்மா. தரமணியில் வேலை. இருபத்தாறு வயது. எட்டு வயதிலிருந்து கண்ணாடி. மைனஸ் நாலரை வரை போயிருந்தது. அவள் போட்ட ஒவ்வொரு கண்ணாடியும் அப்பா கையால் செய்தது. கடைசியாகச் செய்தது காபி கலர் பிரேம், முதல்நாள் வேலைக்குப் போவதற்காக.

2021 மே மாதத்தில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பத்தாவது நாள் அவளை மூடிச் சுற்றி, கவச உடை போட்ட நாலு பேர் நேராக அடக்கஸ்தலத்துக்குக் கொண்டுபோனார்கள். அடக்குவதற்கு முன்னால் முகத்துணியை விலக்கி வீட்டாருக்கு ஒருமுறை காட்டுவார்கள். அது நடக்கவில்லை. ஷரீஃப் தூரத்தில் நின்றார். ஜஹனாரா ஆஸ்பத்திரி வாசலில், மகளின் சாமான்கள் இருந்த கவரோடு நின்றார். இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஜஹனாரா சாப்பிடுவது என்பது தட்டில் சோற்றை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவது. சேலைக்குள் ஆள் இருக்கிறாரா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இளைத்துப்போனார். (இங்கே ஒரு பெரிய கணக்குச் சொல்ல வந்தேன். சொல்லவில்லை.)

மறுவருடம் ஷரீஃபின் பார்வை நடுவிலிருந்து அழியத் தொடங்கியது. ஓரம் தெரியும், நடு தெரியாது. ஆளை நேராகப் பார்த்தால் அந்த ஆள்தான் மறைவார். பக்கத்தில் இருக்கும் கதவு, காலண்டர் எல்லாம் மங்கலாக நிற்கும். கடையைக் கைமாற்றிவிட்டார்.

பிறகு அவர்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் சுவரில் கட்டம் கட்டமாய்க் கோலம். அப்புறம் ஜன்னல் கம்பியில் தலைப்பாகை கட்டிய முந்நூறு குட்டி மனிதர்கள் ஊர்வலம் போனார்கள் (மூன்று பேர்). அப்புறம், மாலை டீ நேரத்தில், எதிரே இருந்த மரஸ்டூலில் ஒரு பெண்மணி. பூ வைத்த பெரிய தொப்பி. வெள்ளைக்காரியா, யாரென்றே தெரியாது. ஜஹனாராவின் முகமே தெரியாதவருக்கு அந்தத் தொப்பியின் ஒவ்வொரு இதழும் தெரிந்தது.

ஷரீஃப் பயப்படவில்லை. தொழில்காரர் அல்லவா? பழைய பெட்டியிலிருந்து ஒரு தடித்த லென்ஸை எடுத்துக் கண்முன் பிடித்துப் பார்த்தார். ஜன்னல் கலங்கியது, ஸ்டூல் கலங்கியது. தொப்பிக்காரி அப்படியே இருந்தாள். வெளியே இல்லாததற்கு நம்பர் கிடையாது என்று புரிந்துவிட்டது.

அடையாறில் ஒரு கண் டாக்டரிடம் போனார்கள். சின்ன வயதுப் பெண். "மூளைக்குச் சும்மா இருக்கத் தெரியாது பாய். கண்ணு படம் அனுப்பலேன்னா அதுவே ஒண்ணை வரைஞ்சு மாட்டிடும். பைத்தியமெல்லாம் இல்ல. அதுங்க பேசாது, ஒண்ணும் பண்ணாது. பெரும்பாலும் தெரியாத முகமாத்தான் வரும். ஒண்ணு, ஒன்றரை வருஷத்துல தானா நின்னுடும்."

பக்கத்தில் ஜஹனாரா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

5

ஒரு வாரம் கழித்து, டீ நேரம். ஷரீஃப் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பிக்காரி வந்திருந்தாள். ஜஹனாரா டம்ளரை வைக்க வந்தவர் நின்றுவிட்டார்.

"யாரு?" என்றார். பிறகு, ரொம்ப மெதுவாக, "சாய்மாவா?"

(இந்த இடத்தை நான் பலமுறை அடித்து எழுதினேன். பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. நேர்மையான மனுஷன் அப்படிச் சொல்வாரா? சொன்னார்.)

நாற்பத்தோரு வருடம் "இது பவர் கண்ணாடிதானே?" என்ற கேள்விக்குப் பழகிய நாக்கு. யோசிப்பதற்குள் சொல்லிவிட்டது.

"ஆமா."

ஜஹனாரா அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

"மெலிஞ்சிருக்காளாங்க?"

"இல்ல. நல்லாத்தான் கீறா."

"இன்னா டிரெஸ்?"

ஷரீஃப் ஒரு பச்சைச் சுடிதாரைச் சொன்னார்.

"கண்ணாடி போட்டிருக்காளா?"

"போட்டிருக்கா. அந்த காபி கலர் பிரேமு."

அன்று ஜஹனாரா தட்டில் வைத்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். விரல்கள் தட்டை வழிக்கும் சத்தத்தை ஷரீஃப் கேட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்ட மனுஷன் மறுநாள் எப்படி உண்மை பேசுவார்? மறுநாளும் கேள்வி வந்தது. அதற்கு மறுநாளும். தினமும் டீ நேரம், தினமும் அதே வரிசையில் கேள்வி. கடைசிக் கேள்வி எப்போதும் கண்ணாடி.

6

போன மாதம் நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்சில் ஷரீஃப் பாய் என் தோளைத் தொட்டார். நான் அப்போது 1985 புயலில் என் குடை காசிமேடு வரை பறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன் (பக்கத்துத் தெரு வரை).

"மழை சார், குடையை அப்புறம் பறக்கவுடலாம். எனக்கு ஒரு கதை எழுதிக் குடுங்க."

"என்ன கதை பாய்?"

"என் கதைதான். ஆறு மாசமா ஸ்டூலு காலி சார். தொப்பிக்காரி வரதில்ல. டாக்டரம்மா சொன்னா மாதிரியே நின்னுபோச்சு."

"அப்ப சாய்மா வந்தா, வந்தான்னு தினம் சொல்றீங்களே?"

"உங்க ஏழு மாடு மாதிரிதான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அதுக்கு முன்னாடியும் அவ இல்ல சார். யார் யாரோ வந்து குந்திக்கினு போனாங்க. எம் பொண்ணு ஒரு நாள் வரல. ஒரே ஒரு நாள்."



"பாய், ஜஹனாராம்மா சாப்பிடறாங்க. தேறியிருக்காங்க. இப்ப போய் எதுக்கு அதைக் கலைக்கணும்?"

"சொல்லிச் சொல்லி எனக்கு முகம் தேஞ்சுபோச்சு சார். ஒரு நாளு பச்சை சுடிதாரு, ஒரு நாளு மஞ்ச. ஒரு நாளு சிரிக்கிறா, ஒரு நாளு தலை சீவிக்கிறா. எல்லாம் நான் வுட்ட கதை. இப்போ ராத்திரி கண்ண மூடி நெஜமா நெனைச்சுப் பார்த்தா பிரேமு மட்டும் நிக்குது. காபி கலரு. உள்ள யாரும் இல்ல."

 

"ஜஹனாராம்மாகிட்ட நேரா சொல்லிடுங்களேன்."

"நேரா எங்கே சார் சொல்றது? நேராப் பார்த்தா அவ மூஞ்சி காணாமப் பூடுது. காலியைப் பார்த்து எப்படி மன்னிப்பு கேக்குறது? நீங்க எழுதுங்க. பத்திரிகையில வரட்டும். அவதான் படிப்பா. அவ வாயாலயே அவளுக்குத் தெரியட்டும். நான் பக்கத்துல குந்திக்கினு இருப்பேன்."

இப்படித்தான் இந்தக் கதை என்னிடம் வந்தது. அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். பாய் கேட்ட கதை இங்கே முடிகிறது.

7

(இனி வரும் எதுவும் சத்தமாக வாசிப்பதற்கு இல்லை. ஜஹனாராம்மா, இந்தக் குறியைப் பார்த்ததும் உங்கள் குரல் நின்றிருக்கும். கண் நிற்காது என்று நம்பித்தான் எழுதுகிறேன். மற்ற வாசகர்கள் ஓசைப்படாமல் கூட வரலாம்.

போன செவ்வாய்க்கிழமை, ஆறாம் பகுதி வரை எழுதி முடித்துவிட்டு, பச்சைச் சுடிதாரா மஞ்சளா என்று சரிபார்க்கிற சாக்கில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். டீ கொடுத்தீர்கள். அவர் நாற்காலியில். நீங்கள் எதிரே தரையில். நான் ஓரமாக.

"இன்னிக்கு வந்தாளா?" என்று கேட்டீர்கள்.

"வந்தா" என்றார் அவர், உங்களை நேராகப் பார்த்துக்கொண்டு.

நீங்கள் இடுப்பு முந்தானையை அவிழ்த்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தீர்கள். திறந்தீர்கள். காபி கலர் பிரேம். காதுக் கம்பியில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் 'சாய்மா' என்று எழுதியிருந்தது. அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இரண்டு கண்ணாடியிலும் ஊதி, முந்தானையால் துடைத்தீர்கள். யாரோ இப்போது போட்டுக்கொள்ளப் போகிற மாதிரி.

துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "கண்ணாடி போட்டிருக்காளா?"

"போட்டிருக்கா. அந்த காபி கலர் பிரேமு."

கம்பிகளை மடித்துப் பெட்டியில் வைத்து, முடிச்சுப் போட்டுக்கொண்டீர்கள். நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். மறைக்கவில்லை. வழியனுப்ப மாடிப்படி வரை வந்தீர்கள்.

"அந்தக் கவர்ல போன் இருந்துச்சு, சார்ஜர் இருந்துச்சு, இதுவும் இருந்துச்சு மழை சார். அவர் கையால செஞ்சது. பார்த்தா ஒடைஞ்சு பூடுவாருன்னு ஒளிச்சு வெச்சேன். அவளோடயே போயிடுச்சுன்னு நெனைச்சுக்கினு இருக்காரு."

"அப்ப அவர் சொல்றதெல்லாம்..."

"டாக்டரம்மா சொல்லும்போது நானும்தானே இருந்தேன்? மொத நாளே தெரியும். ஆனா, அந்த ஆமாவைச் சொல்லிட்டு அவர் மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க. எவ்ளோ நாளுக்கப்புறம் ஒரு வெளிச்சம். சாயங்காலம் அதைச் சொன்னாத்தான் அவருக்குச் சோறு எறங்குது. சொல்லிட்டுப் போவட்டும். கேக்க ஒரு ஆள் இருந்தாத்தானே சொல்லுவாரு?"

"நீங்களும்தான் சாப்பிடறீங்க" என்றேன்.

நீங்கள் படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றீர்கள்.

"அது இன்னான்னு எனக்கே தெரியல சார். பொய்னு தெரிஞ்சுதான் கேக்குறேன். ஆனா கேட்டா பசிக்குது."

இறங்கத் தொடங்கியவனைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னீர்கள்: "ஒரு நாளாவது கண்ணாடி இல்லாம அவளைச் சொல்லமாட்டாரான்னுதான் தினம் கேக்குறேன். இவரு கடைக்காரரு, பிரேமைத்தான் பார்ப்பாரு. அவ தூங்கும்போது பார்த்தவ நானு. கழட்டி வெச்சுட்டா எவ்ளோ பெரிய கண்ணு தெரியுமா! மைனஸ் லென்ஸு கண்ணைச் சின்னதாக் காட்டும்னு இவரேதான் சொல்வாரு."

8

முடிவுகளைப் பார்ப்போம். நாற்பது வைத்திருந்தேன். இல்லை, இரண்டுதான். இந்தப் பகுதியில் எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை, ஜானு கழிப்பதற்கு ஒன்றும் இராது.

இது: நீங்கள் பத்திரிகையை மூடி வைக்கிறீர்கள். "மழை சார் ரொம்ப அளந்துட்டாரு, பாவம், வயசாயிடுச்சு" என்கிறீர்கள். அவர் தலையை ஆட்டுகிறார். டீ வருகிறது. இன்னிக்கு வந்தாளா என்று கேட்கிறீர்கள், வந்தா என்கிறார். இரண்டு பேரும் சாப்பிடுகிறீர்கள். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். காமாக்ஷி டீச்சருக்குத் தலைவலி வராத மாதிரி, உங்களுக்கும் பசி எடுக்கும்.

அது: நீங்கள் முந்தானையை அவிழ்த்து, பெட்டியை அவர் உள்ளங்கையில் வைக்கிறீர்கள். அவர் கட்டைவிரல் கண்ணாடியின் குழிவைத் தொட்டதும் நம்பரைச் சொல்லிவிடும். அதன் பிறகு அந்த அறையில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எழுதிப் பார்த்தேன். மூன்று வாக்கியம் தாண்டவில்லை. "அவர் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு—" என்பதோடு நிற்கிறது.

இதுல தெளிவா கீதா, அதுலயா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எடுத்த லென்ஸையே துடைத்துத் திரும்பப் போடுகிறேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல உரிமை இருந்தால் சொல்லிக்கொள்கிறேன். இத்தனை நாள் அவர் சொன்னார், நீங்கள் கேட்டீர்கள். அவரிடம் மிஞ்சியிருப்பது பிரேம். அதற்குள் இருக்க வேண்டிய முகம் உங்களிடம் இருக்கிறது. ஒரு சாயங்காலம் நீங்கள் சொல்லி அவர் கேட்டால் என்ன? அந்தக் கண்ணிலிருந்து தொடங்கலாம். எவ்வளவு பெரியது என்று.

கட்டாயம் ஒன்றுமில்லை. நான் மழை அளந்தவன், மற்றவர் வீட்டுக்குள் பெய்வதை அளக்க எனக்கு எந்தக் கருவியும் தரப்படவில்லை.

ஏழாம் பகுதியில் திறந்த அடைப்புக்குறியை நான் மூடவில்லை. அச்சுப்பிழை என்று நினைத்து யாரும் மூடிவிடக் கூடாது என்று ஆசிரியருக்குத் தனிச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதை எங்கே மூடுவது என்பது உங்கள் வேலை. சீக்கிரம் முடிவு செய்யுங்கள், ஜஹனாராம்மா. உங்கள் குரல் நின்று ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். "இன்னா, முடிஞ்சுபோச்சா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டாயிற்று, உங்கள் முகம் இருக்கும் இடத்தை நேராகப் பார்த்துக்கொண்டு